தொட்டால் போதும்

மாதிரி வகுப்பு தொடங்கியபோது ஸ்மார்ட் அறையில் இருந்தவர்கள் இவர்கள்:

பாடம் நடத்த வேண்டிய நைட்டக்கா. மதிப்பெண் போடுவதற்காக வெளியிலிருந்து வந்து, நடு வரிசையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த தேர்வாளர் அம்மா. அவருக்குப் பின்னால், கடைசி பெஞ்சின் மூலையில், ‘கல்வித் தொழில்நுட்பம்’ என்ற பாடத்தை எடுக்கும் சார். சாருக்குப் பக்கத்தில் சேட்டை. மற்ற பெஞ்சுகளில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள். அதாவது, ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளாக நடிக்கச் சொல்லி உட்கார வைக்கப்பட்ட சக பயிற்சி ஆசிரியர்கள். பிள்ளைகளில் ஒருவருக்குத் தாடி இருந்தது. ஒருத்திக்கு நிறைமாதம். சேட்டைக்கும் அந்தப் பெயர் நடிப்பில் வந்ததுதான். ஒவ்வொரு மாதிரி வகுப்பிலும் குறும்புக்காரப் பையன் வேடம் அவளுக்கே போய்விடும். வாசலில் ஸ்டூல் போட்டு அட்டெண்டர் அண்ணன்.

சுவரில் ஸ்மார்ட் போர்டு. அதை ஆள் கணக்கில் சேர்ப்பதா வேண்டாமா என்பது அவரவர் விருப்பம்.

“ஆரம்பிக்கலாமா?” என்றார் தேர்வாளர்.

“ஒரு நிமிஷம் மேடம்” என்று சார் எழுந்தார். “போன தடவை வந்தவங்க, இந்த போர்டுல டச் வேலை செய்யலேன்னு குறை எழுதிட்டுப் போயிட்டாங்க. அதெல்லாம் சரி பண்ணியாச்சு மேடம். இப்போ பக்காவா இருக்கு. தொட்டா போதும்.”

“நல்லது” என்றார் தேர்வாளர்.

நைட்டக்கா கையில் இருந்த பென் டிரைவைப் பார்த்தாள்.

அந்த போர்டில் டச் வேலை செய்து அங்கே படித்த யாரும் பார்த்ததில்லை. ஸ்மார்ட் போர்டை எப்படித் தொடுவது என்பதைச் சார் கரும்பலகையில் படம் வரைந்துதான் நடத்தினார். விரல் ஒன்று, போர்டு ஒன்று, நடுவில் ஓர் அம்புக்குறி. எல்லோரும் அதைப் பார்த்து வரைந்துகொண்டார்கள். பிறகு, யார் எந்த உத்தியில் மாதிரி வகுப்பு எடுப்பது என்று சீட்டு குலுக்கினார்கள். ஒருத்திக்குப் பட அட்டை, தாடிக்குப் பொம்மலாட்டம், சேட்டைக்குக் களிமண். நைட்டக்காவுக்கு ஸ்மார்ட் போர்டு.

தொட்டாலும் அசையாத ஒன்றைத் தொட்டுப் பாடம் நடத்த வேண்டும். அவள் ரொம்ப யோசிக்கவில்லை. வீட்டுக் கம்ப்யூட்டரில் மூக்கு, மூச்சுக்குழாய், நுரையீரல் என்று வரிசையாக வரைந்து, பெயர்களை எழுதி, வரைவதும் எழுதுவதும் அப்படியே தெரிகிற மாதிரி வீடியோவாகப் பிடித்துக்கொண்டாள். தேர்வன்று வீடியோவைத் திரை முழுக்க ஓடவிட வேண்டும். கோடு போகிற வேகத்துக்குப் போர்டின் மேல் விரலை ஓட்ட வேண்டும். பார்க்கிறவர்களுக்கு அவள் விரலில் இருந்துதான் மூக்கு முளைப்பது போலத் தெரியும். பிள்ளைகளை வைத்து ஒத்திகையும் பார்த்தாயிற்று. மூக்கு முடிந்ததும் தாடி “மூக்கு மிஸ்!” என்று கத்த வேண்டும். குழாய் முடிந்ததும் மறுபடியும் தாடி. நுரையீரலுக்கு நிறைமாதம்.

ஏமாற்று வேலைதான். ஆனால் கச்சிதமான ஏமாற்று வேலை.

இப்போது டச் சரியாகிவிட்டது என்கிறார் சார். கையில் இருப்பதோ வீடியோ ஒன்றுதான்.

“ஆரம்பிங்கம்மா” என்றார் தேர்வாளர்.

அவளுக்கு வேறு வழி கிடையாது. நைட்டக்கா என்ற பெயரே அவளுடைய வேலையால் வந்தது. துணி விற்கும் கம்பெனி ஒன்றில் ராத்திரி முழுக்கப் போனில் புகார் கேட்பாள். சட்டை சிறியது, சாயம் போகிறது, நான் கேட்டது நீலம், வந்தது என்ன நிறமென்றே தெரியவில்லை. விடிந்ததும் இரண்டு மணி நேரத் தூக்கம், பிறகு கல்லூரி. அவளுடைய வீட்டுக்காரருக்குப் பகல் வேலை. கட்டில் ஒன்று, தலையணை ஒன்று. அவர் எழுந்த சூடு ஆறுவதற்குள் அவள் போய்ப் படுப்பாள். கல்யாணமான பிறகு இருவரும் அதிகம் பேசிக்கொண்டது வாசற்படியில் நின்றுதான்.

வீட்டுக்குப் பக்கத்துப் பள்ளிக்கூடம் ஒன்று அவளை எடுத்துக்கொள்ளத் தயாராக இருந்தது. பாஸ் என்று திங்கட்கிழமை வந்து சொன்னால் வேலை. இல்லாவிட்டால் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிடுவார்கள். பகலில் வேலை, ராத்திரியில் தூக்கம். ஊரில் எல்லோரும் சும்மா அனுபவிக்கிற இதற்குத்தான் அவள் இந்தப் பாடு பட்டாள். வீட்டுக்காரர் நம்பிக்கையாக இரண்டாவது தலையணை வாங்கி வைத்துவிட்டார்.

நைட்டக்கா பென் டிரைவைச் சொருகி வீடியோவை ஓடவிட்டாள்.

“பிள்ளைங்களா, நாம எல்லாரும் மூச்சு விடறோம் இல்லையா?”

“ஆமா மிஸ்ஸ்ஸ்” என்று தாடி உட்பட எல்லோரும் இழுத்தார்கள்.

“எது வழியா விடறோம்? வரைஞ்சு பார்க்கலாமா?”

திரையில் கோடு கிளம்பியது. நைட்டக்கா விரலை வைத்தாள். வைத்ததுதான் தாமதம், எங்கிருந்தோ ஓர் அம்புக்குறி வந்தது. நடுங்கிக்கொண்டே அவள் விரலைத் தேடிவந்து பக்கத்தில் நின்றது. வீடியோ நின்றுவிட்டது. அவள் விரல் மட்டும் நிற்காமல் போய் மீதி மூக்கை வெறும் இடத்தில் வரைந்து முடித்தது.

“மூக்கு மிஸ்!” என்று தாடி கத்தினார்.

திரையில் வளைந்த கோடு ஒன்று அந்தரத்தில் தொங்கியது.

“இது மூக்கா?” என்றார் தேர்வாளர்.

“பாதி மூக்கு மேடம். மீதியைப் பிள்ளைங்க மனசுல வரையணும். கற்பனைத் திறன்.”

தேர்வாளர் ஏதோ குறித்துக்கொண்டார். நல்லதா கெட்டதா என்று அந்த முகத்தில் தெரியவில்லை.

ஆக, டச் நிஜமாகவே சரியாகிவிட்டது. தொட்டால் வீடியோ நிற்கிறது. அவள் இன்னொரு முறை தொட்டாள். ஓடியது. சரி, இனிமேல் கண்ணாடியில் விரல் படக்கூடாது. ஒரு மயிரிழை தள்ளியே வைத்துக்கொள்வோம். பின்னால் இருந்து பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

“மூக்கு வழியா உள்ளே போன காத்து, அப்புறம் எங்க போகும்?” என்று கேட்டுக்கொண்டே விரலைக் காற்றில் நகர்த்தினாள்.

அம்புக்குறி வந்துவிட்டது. இந்த முறை அவள் விரலைத் தாண்டிப் போய், தடுமாறி, திரையின் அடியில் எங்கோ இறங்கியது. மூக்கு காணாமல் போனது. மூச்சுக்குழாய் வரவே இல்லை. ஒரேயடியாக இரண்டு நுரையீரலும் பெயரோடு வந்து உட்கார்ந்துகொண்டன.

‘தொடாமலே வேலை செய்யுதே. இப்படியா ஒருத்தன் சரி பண்ணுவான்?’ என்று அவள் நினைத்தாள்.

“மூச்சுக்குழாய் மிஸ்!” என்றார் தாடி.

“நுரையீரல் மிஸ்!” என்றாள் நிறைமாதம், திரையைப் பார்த்து.

“நான்தானே இப்போ சொல்லணும்?” என்று தாடி திரும்பி அவளைக் கேட்டார்.

“அங்க நுரையீரல்தானே இருக்கு? கண்ணு தெரியலையா?”

“மிஸ், இவ என் பதிலைச் சொல்றா மிஸ்!”

“உங்கள் சிரமத்துக்கு வருந்துகிறோம்” என்றாள் நைட்டக்கா. பதற்றம் வந்தால் அவளுக்கு ராத்திரிக் குரல் தானாக வந்துவிடும். “தயவுசெய்து காத்திருக்கவும். உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்.”

“யாரும்மா அழைச்சாங்க?” என்றார் தேர்வாளர்.

“பிள்ளைங்க மேடம். கையைத் தூக்கினாங்க.”

யாரும் கையைத் தூக்கியிருக்கவில்லை. சட்டென்று சேட்டை மட்டும் இரண்டு கையையும் தூக்கினாள். தூக்கியவள், பக்கத்தில் இருந்த சாரை ஒரு பார்வை பார்த்துவிட்டு மெதுவாக இறக்கிக்கொண்டாள்.

விரல்தான் கோளாறு என்று நைட்டக்கா முடிவு செய்தாள். விரலில் சூடு இருக்கிறது, வேர்வை இருக்கிறது, அதைத் தூரத்திலிருந்தே போர்டு மோப்பம் பிடிக்கிறது போல. மேசை மேல் கிடந்த மர ஸ்கேலை எடுத்தாள். மரத்தில் என்ன சூடு?

ஸ்கேல் நீளமானது. அறையின் எந்த மூலையில் இருந்து பார்த்தாலும் பளிச்சென்று தெரிந்தது. அம்புக்குறிக்கு இப்போது தடுமாற்றமே இல்லை. ஸ்கேலின் நுனியைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தது. அவள் இடது பக்கம் நகர்த்தினால் இடது பக்கம் வந்தது. நகர நகர, எழுதியதெல்லாம் அழிய ஆரம்பித்தது. நுரையீரல் என்பதில் கடைசி எழுத்து போனது. அதற்கு முந்தியது போனது. வலது நுரையீரல் ஒரு கோடாகச் சுருங்கி மறைந்தது.

“மிஸ்” என்றாள் நிறைமாதம் சன்னமாக. “நுரையீரல் போயிடுச்சு மிஸ்.”

“மூச்சை வெளியே விட்டா அப்படித்தான் சுருங்கும்.”

“இவ்வளவு சுருங்குமா மிஸ்?”

“உட்காரு.”

அவள் உட்கார்ந்துதான் இருந்தாள்.

நைட்டக்கா ஸ்கேலை மேசையில் போட்டாள். நாலடி தள்ளிப் போய், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். கையும் வேண்டாம், குச்சியும் வேண்டாம். வாயால் சொல்லிவிடுவோம்.

வீடியோ முதலிலிருந்து சமர்த்தாக ஓடியது. மூக்கு வந்தது. குழாய் வந்தது. பெயர்கள் ஒவ்வொன்றாக அழகாக எழுந்தன. தாடியும் நிறைமாதமும் அவரவர் இடத்தில் அவரவர் பதிலைச் சொன்னார்கள். முதல் தடவையாக அது ஒரு வகுப்பு மாதிரி இருந்தது. நைட்டக்காவுக்குத் தோள் கொஞ்சம் இறங்கியது. காற்று உள்ளே போவதையும் வெளியே வருவதையும் நன்றாகவே சொன்னாள். புகார் கேட்டுப் பழகிய பொறுமை அவளிடம் இருந்தது.

தேர்வாளர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“ஒரு சந்தேகம்மா. நீங்க இங்க நிக்கறீங்க.”

“ஆமா மேடம்.”

“அங்க எழுதறது யாரு?”

அறையில் யாரும் மூச்சு விடவில்லை. மூச்சு பற்றிய பாடத்தில் அது ஒரு குறைதான்.

“அது... போர்டுல ஒரு வசதி மேடம். எழுதினதைத் திருப்பி எழுதிக் காட்டும்.”

“இருக்கட்டும். ஆனா உங்க உத்தி, தொட்டுக் கற்பிக்கறது. தொட்டாத்தான் என்னால மார்க் போட முடியும். போய்த் தொடுங்க.”

நைட்டக்கா போனாள். பல்லைக் கடித்துக்கொண்டு, நுரையீரலின் நடுவில் விரலை வைத்தாள். அம்புக்குறி ஓடி வந்தது. வந்த வேகத்தில் நிற்க முடியாமல் ஓரத்துக்குப் போய் எதன் மேலோ விழுந்தது. வீடியோ மாறிவிட்டது.

சுவர் உயரத்துக்கு ஒரு மனிதர் மல்லாந்து படுத்திருந்தார். வாய் திறந்திருந்தது. முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேட்டது. ஜன்னல் கண்ணாடி லேசாக அதிர்ந்தது.

நைட்டக்காவின் வீட்டுக்காரர். வார விடுமுறை ராத்திரி ஒன்றில் அவள் பக்கத்தில் படுத்துத் தூங்க முயன்று தோற்றுப்போய்ப் பிடித்தது அது. ‘நான் குறட்டை விடறதே இல்ல’ என்று அந்த மனிதர் சாதித்துக்கொண்டே இருந்ததால், நாத்தனார் வீட்டு டிவியில் போட்டு நியாயம் கேட்பதற்காகப் பென் டிரைவில் ஏற்றி வைத்திருந்தாள். அடுத்த வீடியோ அதுதான்.

“யார் இது?” என்றார் தேர்வாளர்.

தாடி வாயைப் பொத்திக்கொண்டார். யாரோ பெஞ்சுக்கு அடியில் குனிந்தார்கள்.

“குறட்டை மேடம்” என்றாள் நைட்டக்கா. எங்கிருந்து அந்தத் தெம்பு வந்ததோ தெரியாது. “சுவாசப் பாதையில அடைப்பு. அன்றாட வாழ்க்கையிலிருந்து எடுத்துக்காட்டு. பிள்ளைங்களா, இந்த மாமாவுக்கு ஏன் சத்தம் வருது?”

“வாயால மூச்சு விடறார் மிஸ்!”

“தொண்டைல அடைக்குது மிஸ்!”

“பக்கத்துல படுக்கறவங்க பாவம் மிஸ்!” இது நிறைமாதம். அவளும் அனுபவசாலி.

தேர்வாளரின் முகம் முதல் முறையாகத் தளர்ந்தது.

“பிரமாதம். இதை நான் எதிர்பார்க்கலை. பாடத்தை வாழ்க்கையோட இணைக்கச் சொல்லிச் சொல்லி எங்களுக்கு வாய் வலிக்குது, யாரும் பண்றதில்லை.” ஏதோ எழுதினார். இந்த முறை அது நல்லதுதான் என்று கடைசி பெஞ்ச் வரைக்கும் தெரிந்தது. “சரிம்மா, முடிச்சுக்கலாம். இதை அப்படியே நிறுத்தி, எந்த இடத்துல அடைக்குதுன்னு தொட்டுக் காட்டுங்க. போதும். நான் மார்க் போட்டுடறேன்.”

ஒரு தொடுதல். அவ்வளவுதான். அதற்கு அந்தப் பக்கம் பள்ளிக்கூடம், ராத்திரித் தூக்கம், இரண்டாவது தலையணை.

நைட்டக்கா வீட்டுக்காரரின் தொண்டையில் விரலை வைத்தாள்.

அம்புக்குறி நடுங்கியபடி வந்தது. அவருடைய காதுப் பக்கம் போனது. திரும்பியது. கீழே இறங்கியது. வீட்டுக்காரர் இரண்டு மடங்கு வேகத்தில் குறட்டை விட ஆரம்பித்தார், தையல் மெஷின் மாதிரி.

மறுபடியும் தொட்டாள். சத்தம் ஏறியது. வாசலில் அட்டெண்டர் அண்ணன் ஸ்டூலை விட்டு எழுந்து எட்டிப் பார்த்தார்.

மறுபடியும் தொட்டாள். படம் பெரிதாகி, சுவர் முழுக்க ஒரே ஒரு மூக்குத் துவாரம் நின்றது. அது விரிந்து சுருங்கியது.

வகுப்பு உடைந்துவிட்டது. தாடி மேசையில் தலையை முட்டிக்கொண்டு சிரித்தார். நிறைமாதம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு, “அய்யோ வேணாம்க்கா, நிறுத்துங்க, இங்கேயே பெத்துடப் போறேன்” என்று கெஞ்சினாள். நைட்டக்கா குத்தினாள், தட்டினாள், உள்ளங்கையால் அறைந்தாள். “உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது, உங்கள் புகார் பதிவு செய்யப்பட்டது” என்று அவள் வாய் அதுபாட்டுக்குச் சொல்லிக்கொண்டிருந்தது.

தேர்வாளர் எழுந்தார். போர்டுக்குப் போனார். அவளை ஒரு கையால் மெல்ல விலக்கிவிட்டு, ஒரே ஒரு விரலை வைத்தார்.

நின்றது.

இன்னொரு முறை வைத்தார். ஓடியது. இன்னொரு முறை. நின்றது.

“பாருங்க” என்றார். “சொன்ன பேச்சைக் கேக்குது. போர்டுல ஒரு குறையும் இல்ல.” கடைசி பெஞ்சைப் பார்த்தார். “நல்லா சரி பண்ணியிருக்கீங்க சார். நான் எழுதிடறேன்.”

“ரொம்ப நன்றி மேடம்” என்றார் சார். முகமெல்லாம் வேர்வை.

“உங்களுக்குப் பாடம் நல்லா வருதும்மா” என்றார் தேர்வாளர், நைட்டக்காவிடம். அந்தக் குரலில் கோபமே இல்லை. அதுதான் மோசமாக இருந்தது. “ஆனா தொழில்நுட்பம் கைக்கு வரலை. பதற்றப்படறீங்க. வேலை செய்யற போர்டையே வேலை செய்யாம ஆக்கறீங்க. அடுத்த பருவத்துல மறுபடியும் வாங்க.”

“நானும் எவ்வளவோ சொல்லிக் குடுத்தேன் மேடம்” என்றார் சார். “கவனிச்சாத்தானே? வகுப்புல எப்பவும் தூக்கம்.”

தேர்வாளர் தலையை ஆட்டிக்கொண்டே வெளியே போனார். அவருக்குப் பின்னால் ஐந்தாம் வகுப்பும் கலைந்தது. தாடி வந்து ஏதோ சொல்ல நினைத்து, சொல்லத் தெரியாமல், அவள் பையை எடுத்துக் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

நைட்டக்கா வராந்தாவில் போய் நின்றாள். போன் அடித்தது. வீட்டுக்காரர்.

“என்னாச்சு?”

“ஒண்ணும் ஆகல. திங்கட்கிழமையும் நைட்டுதான்.”



“அப்போ அந்தத் தலையணை?”

“ரெண்டையும் நீங்களே வச்சுக்கங்க. அப்பவாவது குறட்டை குறையுதான்னு பார்ப்போம்.”

“நான் குறட்டை விடறதே இல்ல” என்றார் அவர்.

அவள் போனை வைத்தாள். அறைக்குள் சார் மட்டும் இருந்தார். கம்ப்யூட்டர் வைத்திருந்த மேசைக்கு அடியில் முழங்கால் போட்டுத் தவழ்ந்து, பின்பக்கத்தில் எதையோ பிடுங்கப் போராடிக்கொண்டிருந்தார். வாசலில் இருந்து பார்த்தால் மேசைத் துணிக்குக் கீழே இரண்டு செருப்பு மட்டும் தெரிந்தது.

சேட்டை வந்து பக்கத்தில் நின்றாள். ஒன்றும் பேசாமல் சுவரைச் சுரண்டினாள். அவள் பேசாமல் நிற்பது அதிசயம்.

“என்னடி?”

“திட்ட மாட்டீங்களே?”

“திட்டறதுக்குத் தெம்பு இல்ல. சொல்லு.”

“டச் எங்கக்கா சரியாச்சு? சார்தான் வயர் இல்லாத மவுஸை மடியில ஒளிச்சு வச்சுக்கிட்டு, நீங்க கையை நீட்டினப்பல்லாம் அமுக்கிட்டே இருந்தார். அதுக்குக் கம்ப்யூட்டர்ல சொருகினதைத்தான் இப்போ பிடுங்கறார். நீங்க வீடியோ போட்டிருக்கீங்கன்னு அவருக்குத் தெரியாதுன்னு எனக்குத் தெரியாது. பேசி வச்சுக்கிட்டுத்தான் பண்றீங்கன்னு நினைச்சேன்.”

நைட்டக்கா அவளைப் பார்த்தாள்.

“அந்தம்மா தொட்டப்போ மட்டும் கரெக்டா நின்னுதே?”

“அதுக்கு மட்டும் சார் கண்ணாடியைப் போட்டுக்கிட்டார்க்கா.”

அட்டெண்டர் அண்ணன் பூட்டை எடுத்துக்கொண்டு வந்தார். அன்று வெள்ளிக்கிழமை, அவருக்குப் பஸ்ஸைப் பிடிக்கிற அவசரம்.

“எல்லாரும் வெளிய வந்தாச்சாம்மா? பூட்டிடலாமா?”

நைட்டக்கா உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்தாள். மேசைத் துணிக்குள் இப்போது செருப்பும் போய்விட்டிருந்தது.

“எல்லாரும் வந்தாச்சு அண்ணே. பூட்டுங்க.”

அண்ணன் மெயினை அணைத்தார். கதவை இழுத்துச் சாத்தினார். பூட்டைப் போட்டு, திங்கட்கிழமை வரை தாங்க வேண்டுமே என்று ஒருமுறை இழுத்தும் பார்த்தார்.